உறைபனி இல்லாத ஊரில் ஆன்டிஃப்ரீஸ்

தாம்பரத்தில் குளிர் என்றால் மார்கழி விடியலில் காதைத் துண்டால் மூடிக்கொள்ளும் அளவுக்குத்தான். சென்னையில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 13.9 டிகிரி செல்சியஸ். அதுவும் நூறாண்டுக்கு முந்தைய கணக்கு. தண்ணீர் உறைய அதற்குக் கீழே இன்னும் பதினான்கு டிகிரி இறங்க வேண்டும். ஆனாலும் ஜிஎஸ்டி சாலையை ஒட்டிய உதிரிபாகக் கடைகளில் 'ஆன்டிஃப்ரீஸ்' என்று அச்சடித்த பச்சை, சிவப்பு, நீலத் திரவங்கள் தாராளமாக விற்கின்றன. உறையாமல் காக்கும் சரக்கை உறைபனியே காணாத ஊரில் காசு கொடுத்து வாங்குவானேன்? குழாய்த் தண்ணீர் போதாதா? கேள்வி நியாயமானதுதான். வெப்பத்தைச் சுமந்து செல்வதில் தண்ணீருக்கு நிகரான திரவம் அரிது. கூலண்ட் என்றும் அழைக்கப்படும் இந்தத் திரவத்தில் பாதியளவு கலந்திருக்கும் எத்திலீன் கிளைக்கால் அந்தத் திறனைக் கூட்டுவதில்லை, ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைக்கிறது. கொதிநிலையை அது உயர்த்துவது உண்மை. தண்ணீர் 100 டிகிரியில் கொதித்தால், பாதிக்குப் பாதி கலவை சுமார் 107 டிகிரியில் கொதிக்கும். ஆனால் நவீன ரேடியேட்டரில் கொதிப்பைத் தள்ளிப்போடும் பெரும்பணியைச் செய்வது அழுத்தம் தாங்கும் மூடிதான். அந்த மூடி சரியாக இருந்தால் வெறும் தண்ணீர்கூடச் சுமார் 120 டிகிரி வரை கொதிக்காது. ஆக, உறைநிலை நமக்குத் தேவையில்லை, கொதிநிலையில் கிடைக்கும் ஆதாயம் மிதமானது, வெப்பம் சுமப்பதிலோ நஷ்டம். அப்படியும் கூலண்ட் வேண்டும் என்பதற்கான காரணம், டப்பாவின் பெயரில் இல்லாத வேறொரு பொருளில் இருக்கிறது.

தண்ணீர் கலக்காத கூலண்ட்டின் பெரும்பகுதி, பத்தில் ஒன்பது பங்குக்கு மேல், கிளைக்கால்தான். மீதமிருக்கும் சில சதவீதத்தில் கொஞ்சம் சாயமும் அரிப்புத் தடுப்பிகள் எனப்படும் வேதிப்பொருள்களும் இருக்கின்றன. சிலிக்கேட், பாஸ்பேட் போன்ற கனிம உப்புகள் ஒரு வகை. கரிம அமிலங்களின் உப்புகள் இன்னொரு வகை. செம்பையும் பித்தளையையும் காக்க டிரையசோல் எனும் சேர்மம் தனி. எஞ்சினுக்குள் அலுமினியம், வார்ப்பிரும்பு, எஃகு, செம்பு என்று பல உலோகங்கள் ஒரே திரவத்தில் நனைந்து கிடக்கின்றன. மின்சாரம் கடத்தும் திரவத்தில் இரு வேறு உலோகங்களை வைத்தால் அது பேட்டரி ஆகிவிடும். அந்த பேட்டரியில் கரைந்துபோகும் தகடு பெரும்பாலும் அலுமினியமாகத்தான் இருக்கும். காற்றில் அலுமினியம் தன்மேல் ஒரு மெல்லிய ஆக்சைடு படலத்தைப் போர்த்திக்கொண்டு பிழைக்கிறது. ஆனால் அந்தப் படலம் அமிலத்திலும் கரையும், கடும் காரத்திலும் கரையும். குளோரைடு உப்பு பட்டால் ஊசி குத்தியதுபோல ஆங்காங்கே ஓட்டை விழும். அரிப்புத் தடுப்பிகள் இந்த மேற்பரப்புகளில் ஒட்டிக்கொண்டு காவல் நிற்பவை. நம் தட்பவெப்பத்தில் கூலண்ட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு இந்தச் சில சதவீதத்துக்கான விலை என்றே நான் கருதுகிறேன்.

'அம்பாசடர் காரெல்லாம் காலம் முழுக்க வெறும் தண்ணீரில் ஓடவில்லையா?' என்ற மறுப்பு இங்கே எழும். ஓடின. அம்பாசடரின் எஞ்சின் கட்டையும் அதன் தலைப்பகுதியும் தடித்த வார்ப்பிரும்பு; ரேடியேட்டர் செம்பும் பித்தளையும். துருப்பிடித்தாலும் தின்று தீர்க்க நிறைய இரும்பு இருந்தது, ஓட்டை விழுந்த ரேடியேட்டரை ஈயப்பற்று வைத்து அடைக்கலாம். வாரம் ஒருமுறை பானெட்டைத் திறந்து தண்ணீர் ஊற்றுவதை யாரும் பழுதாகக் கருதவில்லை. இன்றைய காரின் ரேடியேட்டர் குழாய்ச் சுவர் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு தடிமன் மட்டுமே உள்ள அலுமினியம். அதைப் பற்றுவைப்பாரும் குறைவு, பற்று நிற்பதும் குறைவு. பழைய கார் தண்ணீரைத் தாங்கியது என்பது தண்ணீரின் நல்ல குணத்துக்குச் சான்றாகாது. அந்தக் காலத்து இரும்பு தடிமனாக இருந்தது, அவ்வளவுதான்.

இனிதான் அலட்சியத்தின் கதை. எத்திலீன் கிளைக்கால் ஆண்டுக்கணக்கில் சூடாகிக் காற்றோடு சேரும்போது மெல்ல மெல்ல ஆக்ஸிஜனேற்றம் அடைந்து கிளைக்காலிக் அமிலம், ஃபார்மிக் அமிலம் என்று மாறுகிறது. அந்த அமிலத்தை முறிப்பதற்கென்றே புதுக் கூலண்ட்டில் கொஞ்சம் காரத்தன்மையைச் சேமிப்பாக வைத்திருப்பார்கள். கார இருப்பு என்று அதைச் சொல்லலாம். இருப்பு தீரும் வரை வெளியே எந்த அறிகுறியும் தெரியாது. தீர்ந்த பிறகு அலுமினியம் கரையத் தொடங்கும். ஊறுகாய் ஜாடியில் எத்தனை மாங்காய்த் துண்டு மிச்சம் இருக்கிறது என்று பார்த்து ஊறுகாய் கெட்டதா என்று சொல்ல முடியாது. கெடாமல் காப்பவை உப்பும் எண்ணெயும். ஈரக் கரண்டி படப்பட அவற்றின் வீரியம் குறைந்து, நிறைந்த ஜாடியிலேயே பூஞ்சை பிடிக்கும். கூலண்ட் டப்பாவில் 'மின்', 'மேக்ஸ்' கோடுகளுக்கு நடுவே அளவு சரியாக நிற்கிறது என்பது மாங்காய்த் துண்டை எண்ணுவது மாதிரிதான். சில பட்டறைகளில் ஒளிவிலகல்மானி வைத்து ஒரு சொட்டுக் கூலண்ட்டைச் சோதித்து 'நன்றாக இருக்கிறது' என்று சொல்வதுண்டு. அந்தக் கருவி காட்டுவது கிளைக்காலின் விகிதத்தை மட்டுமே. தடுப்பிகள் அறவே தீர்ந்துபோன ஐந்தாண்டுப் பழைய கூலண்ட்டும் அதில் தேர்ச்சி பெற்றுவிடும். நிறமும் ஆளை ஏமாற்றும். பச்சை என்றால் இது, சிவப்பு என்றால் அது என்று உலகப் பொதுவான விதி எதுவும் கிடையாது. சாயம் அந்தந்த நிறுவனத்தின் விருப்பம்.

தடுப்பிகளின் வேலையை எப்படி அளக்கிறார்கள்? ஏஎஸ்டிஎம் எனும் அமெரிக்கத் தர அமைப்பு வகுத்த எளிய கண்ணாடிக் குடுவைச் சோதனை ஒன்று பல பத்தாண்டுகளாக வழக்கத்தில் இருக்கிறது. செம்பு, பித்தளை, பற்றாசு, எஃகு, வார்ப்பிரும்பு, அலுமினியம் ஆகிய ஆறு உலோகத் தகடுகளை எடைபோட்டு, கூலண்ட் கலவையில் மூழ்கவிட்டு, 88 டிகிரியில், காற்றைக் குமிழியாகச் செலுத்தியபடி 336 மணிநேரம், அதாவது இரண்டு வாரம், வைத்திருப்பார்கள். பிறகு தகடுகளை எடுத்துத் துடைத்து மறுபடி எடைபோட்டால் எது எத்தனை மில்லிகிராம் கரைந்தது என்று தெரிந்துவிடும். கூலண்ட்டைக் கலக்க நல்ல தண்ணீரைப் பயன்படுத்தமாட்டார்கள். வேண்டுமென்றே அரிக்கும்படி, லிட்டருக்கு 100 மில்லிகிராம் வீதம் குளோரைடு, சல்பேட், பைகார்பனேட் மூன்றையும் சேர்த்துத் தயாரிப்பார்கள். இப்போது நம் குடிநீர்த் தரத்தைப் பாருங்கள். ஐ.எஸ். 10500 என்ற இந்தியத் தரப்படி குடிநீரில் குளோரைடு 250 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 1000 வரைகூட அனுமதி. ஆய்வுக்கூடத்தில் உலோகத்தை வதைக்க என்று தயாரிக்கும் நீரைவிட இரண்டரை மடங்கு குளோரைடு உள்ள நீர் தரப்படி நல்ல குடிநீர். மனித உடலுக்கு அதில் தீங்கில்லை. சிறுநீரகம் உப்பை வெளியேற்றிவிடும். ரேடியேட்டருக்குச் சிறுநீரகம் இல்லை.

தாம்பரம், சேலையூர், மேடவாக்கம், பெருங்களத்தூர் வீடுகளில் புழங்கும் ஆழ்துளைக் கிணற்று நீரின் கதை எல்லோருக்கும் தெரியும். பல்லாவரம் மலையைக் குடைந்தால் கிடைக்கும் சார்னோகைட் எனும் கரும்பாறைதான் இந்த வட்டாரத்தின் அடித்தளம். அதன் விரிசல்களில் தங்கி ஊறும் நீரில் கால்சியமும் மக்னீசியமும் கரைந்திருக்கும். வாளியில் போடும் ஹீட்டர் கம்பியில் சில மாதத்தில் ஏறும் வெள்ளை ஓடு அந்தக் கால்சியம்தான். அது வாளியின் ஓரத்தில் படியாமல் கம்பியில் படிவதற்குக் காரணம் உண்டு. சர்க்கரை சூட்டில் நன்றாகக் கரையும். கால்சியம் கார்பனேட்டோ சூடு ஏற ஏறக் கரையாமல் வெளியேறும். எஞ்சினுக்குள்ளும் இதுவே நடக்கிறது. எங்கே சூடு மிக அதிகமோ, எங்கிருந்து வெப்பத்தை அவசரமாக அள்ளிச்செல்ல வேண்டுமோ, சரியாக அந்த இடத்தில், சிலிண்டர் தலையைச் சுற்றி, ஓடு கட்டும். இந்த ஓடு வார்ப்பிரும்பைவிட இருபது மடங்குக்கும் மேல் மந்தமாகத்தான் வெப்பத்தைக் கடத்தும்.

ரேடியேட்டர் மூடிய அமைப்பு, ஒருமுறை ஊற்றும் ஐந்து லிட்டரில் எவ்வளவு கால்சியம் இருந்துவிடப் போகிறது என்று கேட்கலாம். சரியான மறுப்பு. லிட்டருக்கு 500 மில்லிகிராம் கடினத்தன்மை என்று வைத்தால் ஐந்து லிட்டரில் இரண்டரை கிராம். அதனால் குடி முழுகிவிடாது. ஆனால் அலட்சியப்படுத்தப்பட்ட காரில் அமைப்பு மூடியதாக இருப்பதில்லை. மூடியின் ரப்பர் தளர்ந்து நீராவி கசியும். வாரம் அரை லிட்டர் குறையும். உரிமையாளர் அரை லிட்டர் ஊற்றுவார். வெளியேறுவது நீராவி மட்டும், உப்பு உள்ளேயே தங்கும். ஓராண்டில் 26 லிட்டர், அதாவது 13 கிராம் படிவு. கூடவே ஒவ்வொரு ஊற்றலும் குளோரைடைக் கூட்டுகிறது, தடுப்பிகளுக்கும் வேலை வைக்கிறது. பாஸ்பேட் கலந்த கூலண்ட்டாக இருந்தால் கடின நீரின் கால்சியம் அந்த பாஸ்பேட்டையே பிடித்துக் கெட்டிப்படுத்திவிடும். ஐரோப்பியத் தயாரிப்பாளர்கள் தங்கள் ஊர்க் கடின நீரை நினைத்து பாஸ்பேட்டைத் தவிர்ப்பது இதனால்தான். ஜப்பானியர்களோ பாஸ்பேட்டை வைத்துக்கொண்டு, பம்ப் சீலைத் தேய்க்கும் என்று சிலிக்கேட்டைத் தவிர்க்கிறார்கள். இரண்டையும் கலப்பது வம்பு. ஆர்ஓ தண்ணீரும் ஏசி சொட்டும் தண்ணீரும் கால்சியப் பிரச்சினையைப் பெரும்பாலும் தீர்க்கும், அரிப்புத் தடுப்பி இல்லாத குறையைத் தீர்க்காது. நடுவழியில் கொதித்து நின்றால் எந்தத் தண்ணீரையும் ஊற்றி வீடு சேரலாம், அதோடு விடக்கூடாது. 'நம்ம ஊருக்கு தெர்மோஸ்டாட் எதுக்கு, கழட்டிடலாம்' என்ற யோசனையும் பட்டறைகளில் சகஜம். தெர்மோஸ்டாட் குளிர்நாட்டு ஆடம்பரமல்ல. எஞ்சின் தன் 80, 90 டிகிரிக்கு ஏறாவிட்டால் எரிபொருள் வீணாகும், தேய்மானம் கூடும். சில எஞ்சின்களில் அதைக் கழற்றினால் திரவம் ரேடியேட்டர் பக்கம் போகாமல் குறுக்குவழியிலேயே சுற்றி, எஞ்சின் முன்னைவிடச் சூடாகும்.

அலட்சியப்பட்ட கூலண்ட்டைக் கவனிக்கத் தொடங்கும்போது முதல் வேலை மாற்றுவதல்ல, எங்கே குறைகிறது என்று கண்டுபிடிப்பது. மூடி, ஹோஸ், வாட்டர் பம்ப், கடைசியாக ஹெட் கேஸ்கெட். சூடான எஞ்சினின் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தம் இறங்கிய கணத்தில் 110 டிகிரித் திரவம் ஒரேயடியாகக் கொதித்துப் பொங்கி நீராவியோடு முகத்தில் அடிக்கும். ஆறிய பின் வடித்து, டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றி, எஞ்சினை ஓட்டி, மறுபடி வடித்து, தெளிந்த நீர் வரும் வரை செய்து, தயாரிப்பாளர் சொன்ன வகைக் கலவையை நிரப்பி, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். அமிலம் ஊற்றிச் சுத்தம் செய்வதில் எனக்குத் தயக்கம் உண்டு. பழைய ஓடு சில இடங்களில் ஓட்டையையும் அடைத்துக்கொண்டிருக்கும்; ஓடு போனால் ஒழுக்கு வெளிப்படும். அதை அமிலத்தின் குற்றமாகச் சொல்ல முடியாது என்றாலும், புது ரேடியேட்டருக்குப் பணம் எடுத்துவைத்துவிட்டு இறங்குவது புத்தி. டேஷ்போர்டு முள்ளை மட்டும் நம்பியிருப்பதும் பலன் தராது. பல கார்களில் அந்த முள் பரந்த வெப்ப எல்லைக்குள் நடுவிலேயே நிற்கும்படி அமைக்கப்பட்டது, பல சிறிய கார்களில் முள்ளே இல்லை, விளக்கு மட்டும்தான். திரவம் அறவே வற்றிவிட்டால் உணரி காற்றில் தொங்கும். எஞ்சின் தீய்ந்துகொண்டிருக்கும்போதும் அது நிம்மதியான எண்ணைக் காட்டக்கூடும்.

தானியங்கி கியர்பாக்ஸ் எண்ணெயிலும் இதே கணக்குதான். அதில் பத்தில் எட்டு, ஒன்பது பங்கு சாதாரண அடிப்படை எண்ணெய். மீதி சேர்மானங்கள்: நுரை தடுப்பான், ஆக்ஸிஜனேற்றத் தடுப்பான், சூட்டில் எண்ணெய் நீர்த்துப்போகாமல் காக்கும் பாலிமர்கள், எல்லாவற்றுக்கும் மேலாக உராய்வுச் சீராக்கிகள். இந்த எண்ணெய்க்கு முரணான இரு கடமைகள் உண்டு. பல்சக்கரங்கள் உரசாமல் வழுக்கவிட வேண்டும். கிளட்ச் தகடுகள் வழுக்காமல் பிடிக்கவும் விட வேண்டும், அதுவும் உதறாமல். அந்த நூலிழைச் சமநிலையைத் தருவது மிகச் சிறு அளவிலான சேர்மானம் என்பதற்கு வரலாற்றில் விசித்திரமான சான்று இருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் 1949-இல் வகுத்த 'டைப் ஏ' போன்ற தொடக்ககால எண்ணெய்களில் உராய்வுச் சீராக்கியாக எண்ணெய்த் திமிங்கிலத்தின் கொழுப்பெண்ணெய் சேர்க்கப்பட்டது. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்கா திமிங்கிலப் பொருள்களைத் தடைசெய்ததும், எண்ணெயின் பெரும்பகுதி மாறாமலே இருந்தும், செயற்கை மாற்றுகளைத் தேடி, கியர்பாக்ஸ் எண்ணெய்க்கான விவரக்குறிப்பையே திருத்தி எழுத வேண்டியதாயிற்று.

எண்ணெயின் ஆயுளைத் தீர்மானிப்பது கிலோமீட்டரைவிட வெப்பம். சூடு பத்து டிகிரி ஏறினால் வேதிவினை ஏறத்தாழ இருமடங்கு வேகம் பெறும் என்பது 1889-இல் அரேனியஸ் வகுத்த உறவிலிருந்து வேதியியலாளர்கள் கைவசம் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. 90 டிகிரியில் இருக்க வேண்டிய எண்ணெய் 110-இல் இருந்தால் நான்கு மடங்கு வேகத்தில் மூப்படையும். எண்ணெய் எப்போது சூடாகும்? வேகமாகப் போகும்போது அல்ல. டார்க் கன்வெர்ட்டர் வகைக் கியர்பாக்ஸில் எஞ்சினும் சக்கரமும் எண்ணெய் வழியாகத்தான் இணைந்திருக்கின்றன. ஊர்ந்து செல்கையில் இரண்டுக்கும் வேக வித்தியாசம் அதிகம், அந்த வித்தியாசம் முழுக்க வெப்பமாக எண்ணெயில் இறங்குகிறது. தாம்பரம்–வேளச்சேரி சாலையின் மாலை நேரமும், பொங்கலுக்கு முந்தைய நாள் பெருங்களத்தூரிலிருந்து வண்டலூர் வரையிலான ஊர்தலும் இதற்குக் கச்சிதமான சூழல். 'வாழ்நாள் முழுதும் மாற்ற வேண்டாம்' என்று சில தயாரிப்பாளர்கள் சொல்வதை மறுப்பாகக் காட்டுவார்கள். யாருடைய வாழ்நாள், எந்தச் சாலையில் என்பதே என் கேள்வி. பல கார்களின் கையேட்டிலேயே 'கடும் பயன்பாடு' என்று தனிப் பகுதி இருக்கும்: நின்று நின்று ஓடும் நெரிசல், கடும் வெயில், தூசு, குறுந்தொலைவுப் பயணம். தென்சென்னைப் புறநகரில் கார் வைத்திருப்பவர் இதில் எந்த நிபந்தனையிலிருந்து தப்புகிறார்? அவருக்குப் பொருந்துவது அந்தப் பகுதியில் போட்டிருக்கும் குறுகிய இடைவெளிதான். ஏஎம்டி எனப்படுவது உள்ளே சாதாரண கியர்பாக்ஸ் என்பதால் அதற்கு கியர் ஆயில். சிவிடி-க்கு எஃகுப் பட்டை வழுக்காமல் பிடிக்கத் தனி எண்ணெய். மாற்றி ஊற்றினால் நஷ்டம் பெரிது.

'பழைய எண்ணெயை மாற்றினால்தான் கியர்பாக்ஸ் போகும், விட்டுவிடு' என்ற நம்பிக்கை உலகெங்கும் உண்டு. இதில் பாதி, காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. பத்தாண்டு எண்ணெய் மாற்றாதவர் திடீரென்று மாற்ற வருவது கியர் வழுக்கத் தொடங்கிய பிறகுதான். கிளட்ச் தகடு ஏற்கெனவே தேய்ந்துவிட்டது. மாற்றிய மறுவாரம் பெட்டி நின்றால் பழி புது எண்ணெய்மேல். மறுபாதியில் உண்மை இருக்கிறது. எந்திரம் வைத்து அழுத்தத்தோடு கழுவினால், ஓரங்களில் உறைந்து கிடந்த பிசினும் தேய்துகளும் பெயர்ந்து, தலைமுடித் தடிமன் இடைவெளிகள் கொண்ட வால்வுகளில் போய்ச் சிக்கலாம். ஆகவே வடித்து நிரப்பும் மென்மையான வழியே மேல். ஒருமுறை வடித்தால் முழு எண்ணெயும் வராது. கணிசமான பங்கு கன்வெர்ட்டரில் தங்கிவிடும். பாதி வருகிறது என்று வைத்துக்கொண்டால், சில நூறு கிலோமீட்டர் இடைவெளியில் மூன்று முறை வடித்து நிரப்புகையில் எட்டில் ஏழு பங்கு புது எண்ணெய் ஆகிவிடும். வடித்த எண்ணெயைப் பார்த்தே நிறைய தெரிந்துகொள்ளலாம். பழுப்பேறியிருந்தால் வயது. கருகிய வாடையும் கிளட்ச் துகள்களும் இருந்தால் காலம் கடந்துவிட்டது, புது எண்ணெய் அங்கே மருந்தல்ல. இன்னும் துல்லியமாக அறிய, நம் ரயில்வேயின் டீசல் எஞ்சின் பணிமனைகளில் செய்வதுபோல எண்ணெய் மாதிரியை நிறமாலைமானியில் வைத்து இரும்பு, செம்பு, அலுமினியம் எத்தனை எனப் பார்க்கலாம். ஒரு பெட்டியைத் திறக்காமலே உள்ளே எந்த பாகம் தேய்கிறது என்று சொல்லும் முறை அது.

இரு திரவங்களும் ஒன்றையொன்று கொல்லவும் முடியும். பல தானியங்கிக் கார்களில் கியர்பாக்ஸ் எண்ணெயின் குளிர்விப்பான் ரேடியேட்டரின் தொட்டிக்குள்ளேயே இருக்கிறது. கவனிக்காத கூலண்ட் அந்த மெல்லிய சுவரை அரித்துத் துளைத்தால் கிளைக்காலும் தண்ணீரும் எண்ணெயில் புகும். கிளட்ச் பட்டைகள் காகித இழையால் ஆனவை, பசையால் ஒட்டப்பட்டவை. தண்ணீர் கண்டால் எண்ணெயைத் தள்ளிவிட்டு அதை உறிஞ்சிக்கொண்டு பெயரும். வெள்ளத்திலும் இதே ஆபத்து. 2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த ஒரு நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. 2023-இல் மிக்ஜாம் புயலில் முடிச்சூரில் மறுபடி தண்ணீர். கியர்பாக்ஸுக்கு மூச்சுவிட ஒரு சிறு துளை உண்டு. ஓடிச் சூடான பெட்டி திடீரென்று வெள்ளத்தில் இறங்கினால் உள்ளே உள்ள காற்று குளிர்ந்து சுருங்கும், சுருங்கிய இடத்துக்கு மூச்சுத் துளை வழியே சேற்று நீரை இழுக்கும். எஞ்சினுக்குள் தண்ணீர் போனதா என்றுதான் எல்லோரும் பார்க்கிறார்கள். கியர்பாக்ஸ் எண்ணெய் பால்போல வெளுத்திருக்கிறதா என்று பார்க்காமல் காரை எடுத்து ஓட்டினால், எஞ்சின் பிழைத்த பிறகும் கியர்பாக்ஸ் சில மாதத்தில் நிற்கும்.

வடித்த திரவத்தை எங்கே கொட்டுவது என்பதை யாரும் கேட்பதில்லை. பழைய எண்ணெய் 2016 விதிகளின்படி அபாயகரக் கழிவு. அங்கீகரிக்கப்பட்ட மறுசுழற்சியாளரிடம் போக வேண்டும். கூலண்ட் தண்ணீர்போல இருப்பதால் சாக்கடையில் கவிழ்க்கிறார்கள். கிளைக்கால் இனிப்பானது, சில வாய் நக்கினாலே நாயின் சிறுநீரகத்தை அழிக்கும். அமெரிக்காவின் சில மாநிலங்கள் அதில் கசப்புப் பொருள் சேர்ப்பதைச் சட்டமாக்கியிருக்கின்றன. நாய்க்கு அது உதவலாம், நீர்நிலைக்கு உதவாது. தண்ணீரில் கலந்த கிளைக்காலை நுண்ணுயிர்கள் தின்னும்போது கரைந்திருக்கும் ஆக்ஸிஜனையும் தீர்த்துவிடும். கிழக்குத் தாம்பரத்தின் மழைநீர் ஏரிகளின் சங்கிலி வழியாக, 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை நோக்கிப் போகிறது. மேற்குப் பக்கத்து நீர் அடையாற்றுக்கு. கூலண்ட்டையும் எண்ணெயையும் தனித்தனி கேனில் பிடித்து, ஒன்றோடொன்று கலக்காமல், கழிவை எடுத்துக்கொள்ளும் சர்வீஸ் நிலையத்தில் கொடுக்க வேண்டும். கலந்துவிட்டால் எண்ணெயை மறுசுழற்சி செய்வதும் கடினம்.